மீன் எலும்பு வரைபடத்தின்படி மீன்தொட்டிச் செடிகளின் அகால மரணம்: பிள்ளைப்பாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஓர் உதிரிபாகம் அரை மில்லிமீட்டர் கோணினால், அதை விசாரிக்கத் தரக்கட்டுப்பாட்டுத் துறை கூடிவிடும். 'ஏன்' என்று ஐந்து முறை கேட்காமல் கோப்பு மூடப்படாது. அந்த விசாரணையை நடத்தியவரே வாடகை வீட்டுக்குத் திரும்பினால், டிவிக்குப் பக்கத்து இரண்டடித் தொட்டியில் செடி மஞ்சளாகிக் கரைந்துகொண்டிருக்கும். அங்கே தீர்ப்பு ஒரே வரி: "செடி வித்த கொளத்தூர் கடைக்காரன் ஏமாத்திட்டான்." இந்த முறையியல் இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோர் ஆய்வுகள்

லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் வைத்தார். பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. வாரிங்டன் யாரையும் திட்டவில்லை; நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் இதைக் கெமிக்கல் சொசைட்டியிடம் கட்டுரையாகவே சமர்ப்பித்தார்.

அடுத்தவர் ஜப்பானின் கவோரு இஷிகாவா. குறைகளின் காரணங்களைக் கிளை கிளையாகப் பிரிக்கும் அவருடைய மீன் எலும்பு வரைபடம் வாகனத் தொழிற்சாலைகளில் எல்லோருக்கும் பாடம். உயிருள்ள மீன்களின் முன்னிலையில் அதை வரைந்து பார்க்க யாருக்கும் தோன்றாதது ஆய்வுலகின் பேரிழப்பு. பொருள், முறை, இயந்திரம், மனிதன் என்ற நான்கு எலும்புகள் இங்கும் பொருந்துகின்றன.

3. கண்டறிதல்கள்

*பொருள்.* கடையில் விற்கும் செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு மேலே ஈரக்காற்றில் வளர்ந்தவை. முழுக்க நீரில் மூழ்கியதும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, நீருக்கேற்ற புது இலை விடும். கிரிப்டோகோரைன் வகை இன்னும் ரோஷக்காரி. தொட்டி மாறினாலே மொத்த இலையும் கூழாகும், வேர் நன்றாக இருந்தால் சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும். இரண்டாம் நாளே அதைப் பிடுங்கி எறிவது, டிரெயினியை முதல் வாரத்திலேயே வேலையை விட்டுத் தூக்குவதற்குச் சமம்.

*முறை.* அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். அமேசான் சோர்டு நேர்மாறு. வேர்வழி உண்பது, வெறும் கூழாங்கல்லில் பட்டினி கிடக்கும்.

இந்த எலும்பில்தான் ஆய்வின் சதைப்பற்றே இருக்கிறது. எந்த இலை முதலில் கெடுகிறது என்று பார்த்தாலே பாதி நோய் பிடிபடும். நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றைக் கிழட்டு இலையிலிருந்து உருவித் துளிருக்கு அனுப்பும். ஆகவே அடி இலை மஞ்சளானால் நைட்ரஜனையும், அதில் ஊசித்துளைகள் விழுந்தால் பொட்டாசியத்தையும் சந்தேகிக்கலாம். இரும்பு அப்படி நகராது. அது குறைந்தால் துளிர்தான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

மீனின் கழிவு நைட்ரஜனையும் பாஸ்பேட்டையும் தரும். பொட்டாசியமும் இரும்பும் அதில் போதாது. "மீன்தான் உரம் போடுதே" என்ற வீட்டுக் கோட்பாடு இங்கே உடைகிறது. கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றும் வீடுகளில் கால்சியம், மக்னீசியமும் வடிகட்டியிலேயே நின்றுவிடுகின்றன.

*இயந்திரம்.* காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே கார்பன் டை ஆக்ஸைடு நீரில் பரவுகிறது. அதைக் கூட்டாமல் விளக்கை மட்டும் பெரிதாக்கினால் செடி தடுமாறும், பாசி கொழிக்கும். பெரும்பாலான தொட்டிகளுக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேர வெளிச்சம் போதும்.

*மனிதன்.* முதல் ஷிப்ட் வாரத்தில் விளக்கு மாலையில் எரிகிறது. நைட் ஷிப்ட் வாரத்தில், காலையில் வந்து போட்ட விளக்கை அணைக்க மறந்து உரிமையாளர் தூங்கிவிடுகிறார். ஓவர்டைம் இருந்தால் விளக்கே கிடையாது. செடியின் பகலிரவு வாராவாரம் மாறுகிறது; அதற்கு ஷிப்ட் அலவன்ஸும் இல்லை.

4. ஒப்பீட்டு மாதிரி

நம் ஏரி குளங்களில் உரமும் டைமரும் இல்லாமல் வளரும் வேலம்பாசி 1950களில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வியாபாரத்துக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. வாய்க்காலில் வீசப்பட்டது அங்கே ஏரிகளையே அடைத்தது. எனவே தொட்டியில் கழித்த அயல்நாட்டுச் செடியைப் பிள்ளைப்பாக்கம் ஏரியில் கொட்டுவது கூடாது. அதன் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து சென்னையின் குடத்துக்கு.

5. திருத்த நடவடிக்கை அறிக்கை

விளக்குக்கு டைமர், வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம், பொட்டாசியமும் இரும்பும் உள்ள திரவ உரம் (புட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதியிலிருந்து தொடங்கி), ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பலனைப் பார்க்க இரண்டு வாரம். பொறுப்பாளர்: வீட்டுக்காரர். சரிபார்ப்பவர்: வீட்டுக்காரம்மா. கெடு: வரும் ஞாயிறு, ஓவர்டைம் இல்லாத பட்சத்தில்.