கேளுங்கள், கிள்ளைக்காரர்களே!

கே: சிதம்பரம் கோயில் ஸ்படிக லிங்கத்தில் லேசர் அடித்தால் ஹோலோகிராம் பதியுமா? (கல்லூரி மாணவர், கிள்ளை)

ப: முதலில் கோயில் அர்ச்சகர்களான தீட்சிதர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள், இயற்பியலைப் பிறகு பார்ப்போம். அனுமதி கிடைத்தாலும் பதியாது. ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ். வந்த ஒளியை அப்படியே வழியனுப்பிவிடும். நமக்குத் தேவை ஒளி பட்டால் குணம் மாறுகிற கல்: துளி இரும்பு கலந்த லித்தியம் நையோபேட், பிஸ்மத் சிலிக்கான் ஆக்சைடு போன்றவை. ஆனால் அந்தக் கோயிலுக்கும் லேசருக்கும் ஓர் உறவு உண்டு: அங்குள்ள நடராசர் உருவமான ரத்தினசபாபதி மாணிக்கத்தால் ஆனவர். 1960இல் இயற்பியலாளர் மெய்மன் ஒளிரவிட்ட உலகின் முதல் லேசரும் (செயற்கை) மாணிக்கம்தான்!

கே: ஃபிலிம் இருக்க, கல் எதற்கு? (பழைய ஸ்டூடியோக்காரர், சிதம்பரம்)

ப: டார்க்ரூமில் ஃபிக்சர் வாடையோடு காலம் தள்ளிய நீங்களா கேட்பது? கல்லுக்கு டெவலப்பரும் வேண்டாம், ஃபிக்சரும் வேண்டாம். பொருளில் பட்டுத் திரும்பும் லேசரும் நேரே வரும் லேசரும் கல்லுக்குள் சந்தித்து, வெளிச்சமும் இருட்டுமாக வரி போடும். வெளிச்ச வரியிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி இருட்டு வரியில் போய் அடையும். அங்கே மின்புலம் உண்டாகி, ஒளிவிலகல் எண் வரிவரியாக மாறும். அதுவே ஹோலோகிராம், பொருளின் முப்பரிமாணப் பதிவு. சீரான வெளிச்சம் காட்டினால் பழசு அழிந்து, கல் மறுபடி தயார்.

வேடிக்கை என்னவென்றால், 1966இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஆஷ்கின் குழுவினர் ஒளி பட்டுக் கல்லின் குணம் மாறுவதை லேசரைக் குலைக்கும் ‘சேதம்’ என்றுதான் எழுதினார்கள். 1968இல் அதே ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அந்தச் சேதத்திலேயே ஹோலோகிராம் பதித்தார்கள்.

கே: என் ஃபைபர் படகில் உள்ளே பழுதிருந்தால் காட்டுமா? (மீனவர், முடசல் ஓடை)

ப: காட்டும். படகின் ஒரு பகுதியைக் கல்லில் பதித்துக்கொண்டு, விளக்கால் லேசாகச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். பழைய உருவமும் இப்போதைய உருவமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது வரிகள் தோன்றும். 532 நானோமீட்டர் பச்சை லேசரென்றால் ஒரு வரிக்கு 266 நானோமீட்டர் உப்பல். தலைமுடித் தடிமனுக்குள் இருநூறு வரிக்கு மேல் அடங்கும். ரெசினில் சரியாக ஊறாத கண்ணாடியிழைப் பாய்க்கு (மேட்) அடியில் காற்று நின்ற இடத்தில் மட்டும் வரிகள் வட்டம் வட்டமாக நெருங்கும்.

சிக்கல் ஒன்றுதான்: லேசரும் கல்லும் இருக்கும் மேசை அரை மைக்ரான் ஆடினாலும் வரிகள் மறைந்துவிடும். உங்கள் படகுத்துறையில் என்ஜின் ஓடாத நேரம் எது? ஆகவே நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது. விமானத்தையே அப்படித் தட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு.

கே: நம் ஊரில் யாராவது இதைச் செய்கிறார்களா? (வாசகி, அண்ணாமலைநகர்)

ப: படிகம் வளர்ப்பதற்கென்றே அண்ணா பல்கலைக்கழகத்தில் தனி மையம் இருக்கிறது. ஹோலோகிராஃபியால் அளப்பதில் ஐஐடி மெட்ராஸில் ஆர். எஸ். சிரோஹி பல ஆண்டுகள் உழைத்தார். இப்போது பாதி வேலையைக் கேமரா சிப்பும் கம்ப்யூட்டருமே பிடுங்கிக்கொண்டன. எனக்கென்னவோ கல் மேல்தான் பிரியம்.

கே: ஏ.டி.எம். கார்டில் மின்னுவதும் இந்தக் கல்தானா? (பிச்சாவரம்)

ப: இல்லை, மெல்லிய தகட்டில் குத்திய அச்சு. வெளிச்சத்தில் எத்தனை நாள் வைத்தாலும் அழியாது. அழிவதெல்லாம் கணக்கில் இருப்பதுதான்.