சேத்துல படுக்கப் போற பேராண்டிக்கு

சனிக்கிழம துப்பாக்கி சுடப் போறியாமே, பேராண்டி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. வத்தானியா உடுப்ப மாட்டிக்கிட்டு, கண்ணாடி முன்னால நெஞ்ச நிமித்தி நீ எடுத்த படத்த மெர்லிமாவ்ல ஒன் அத்தை பாத்துட்டு எனக்குப் போன் அடிச்சா. "அண்ணன் மவன் ஜெனரல் கணக்கா இருக்கான்"னு பூரிச்சுப் போயிட்டா. அவ பொண்ணும் பாத்தாளான்னு கேக்காத. பாத்தா. சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு நான் விசாரிக்கல.

நல்ல காரியந்தான், போ. ஆனா வானத்த ஒரு தடவ அண்ணாந்து பாத்துட்டுப் போ. உம்பாய்ல பொறந்தவனுக்கு மழையப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் சுமத்ரா பக்கம் கெளம்புற காத்தும் மழையும் விடியிறதுக்குள்ள நீரிணையத் தாண்டி வந்து நம்ம தகரத்த ஆட்டிட்டுப் போயிரும். அக்டோபர், நவம்பர்னா காலையில பளிச்சுன்னு அடிச்சு, மத்தியானத்துக்கு மேல இடியோட கொட்டும். நீ போறது அக்டோபர்ல. பன்னண்டு மணி வரைக்கும் வெந்துட்டு அப்புறம் ஊறலாம். ரெண்டு சொகமும் ஒரே நாள்ல, அதுக்கு மேல அலவன்ஸ் வேற. எங்க காலத்துல தோட்டத்துல மழ பேஞ்சா மரம் வெட்டில்ல, வெட்டில்லன்னா கூலியில்ல. மழையில நனையிறதுக்கு அரசாங்கம் காசு குடுக்குதுன்னா, அந்தப் பெரட்டுக் களத்துல நின்ன கெழவன் நான் ஒன்னப் பாத்துப் பொறாமப்படத்தான் செய்வேன்.

வத்தானியா நேத்து மொளச்சதில்லடா. நாடு சொதந்திரம் வாங்கின மறு வருஷம், 1958-லயே வந்துருச்சு. வாரம் பூரா கிராணியாவும் வாத்தியாராவும் கடைப் பையனாவும் இருக்குறவன், சனி ஞாயிறுல சிப்பாய். ஒன் மாமன் 2004-ல முதல் கூட்டத்துலயே பி.எல்.கே.என். தேசிய சேவைப் பயிற்சிக்குப் போயிட்டு வந்து, எம்16 சுட்ட கதைய இருவது வருஷமா எல்லாக் கல்யாணத்துலயும் சொல்லிக்கிட்டு இருக்கான். கதையில குண்டு வருஷா வருஷம் நடுப்புள்ளிக்குக் கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. அந்தப் பயிற்சிய 2018-ல நிறுத்திப்புட்டு 2025 ஜனவரியில மறுபடியும் ஆரம்பிச்சாங்கல்ல, அன்னைக்கு அவன் மொகத்தப் பாக்கணுமே. புதுசா நாலு பேரு சுட்டுட்டு வந்தா தன் கதைக்கு வெல கொறையுமேன்னு கவலையாப் போச்சு அவனுக்கு.

நீயும் கதையோடதான் வரப்போற. அதுக்கு முன்னால சிலதக் காதுல போட்டுக்க.

அங்க போனதும் துப்பாக்கியக் கையில குடுத்து "சுடு ராசா"ம்பாங்கன்னு நெனச்சுக்கிட்டுப் போகாத. மொதல்ல பெரட்டு. அப்புறம் பாதுகாப்புப் பாடம். அப்புறம் செவப்புக் கொடி ஏத்துவாங்க. ஒன் வரிசை வர்றதுக்குள்ள மூணு கோப்பி ஓ குடிச்சு முடிச்சிருப்ப. அந்நேரம் பாத்து இடி இடிக்கும். இடின்னா எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. வெட்டவெளியில இரும்பக் கையில புடிச்சுக்கிட்டு நிக்க யாரும் விடமாட்டாங்க. கொட்டாய்க்குள்ள உக்காந்து மழையப் பாத்துக்கிட்டு இருப்ப. ரெண்டு நாள்ல நீ விசைய அமுக்குற நேரத்தையெல்லாம் கூட்டிப் பாத்தா ஒரு ரொட்டி சானாய் தின்னு முடிக்கிற நேரங்கூட வராது. மிச்சமெல்லாம் காத்துக் கெடக்குறது, தொடைக்கிறது, எண்ணுறது. வீட்டுல அம்மா ஒரு தட்டக் கழுவச் சொன்னா "அப்பறம்மா"ங்குற பய நீ, அங்க ஒரு இரும்புத் துண்ட அரை மணி நேரம் எண்ணெய் போட்டுத் தொடைக்கப் போற. அதப் படம் புடிச்சு அனுப்பு, ஒங்கம்மா சட்டம் போட்டு மாட்டுவா.

மழையில துப்பாக்கிக்கு ரெண்டு எடத்துல கேடு. ஒண்ணு, குழாய். எம்16-ன்னா அதோட வாய் 5.56 மில்லிமீட்டர்தான். அவ்வளவு ஒடுங்கின குழாய்க்குள்ள தண்ணி பூந்தா தானா எறங்காது, ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்படியே சுட்டா குழாய் வீங்கிப் போகும், வெடிக்கவும் கூடும். சொல்லிக் குடுக்குறவரு சொல்றப்ப வாயக் கீழ சாச்சு, போல்ட்டக் கொஞ்சமாப் பின்னுக்கு இழுத்தா, காத்து உள்ள போயி தண்ணி வடியும். அவரு சொல்றதுக்கு முந்தி "எங்க தாத்தா சொன்னாரு"ன்னு இழுத்து வச்சிராத. எனக்கும் கெட்ட பேரு, ஒனக்கும் தண்டம்.

இன்னொண்ணு, நீ கண்ண வச்சுப் பாக்குற அந்தச் சின்ன ஓட்டை. அதுல ஒரு மழத்துளி உக்காந்தாப் போதும், எதிர்ல இருக்குற குறி அட்ட ரெண்டாவும் தெரியும், இல்லாமலும் போகும். கையால தொடச்சா எண்ணெய்ப் பசைதான் ஏறும். வாயால ஊதணும். ஸ்டையர் துப்பாக்கி குடுத்தாங்கன்னா அதுல பாக்குற எடத்துல கண்ணாடி இருக்கும், அதுல ஆவி படியும். ஒன் மூக்குக் கண்ணாடியிலயும் படியும். ரெண்டு கண்ணாடிக்கும் பின்னால இருந்துக்கிட்டு எதிரியத் தேடுறப்ப தாத்தாவ நெனச்சுக்க.

25 மீட்டர்ல வச்சு மொதல்ல மூணு சுடச் சொல்லுவாங்க. ஒரே எடத்தப் பாத்து மூணும். மூணும் ஒண்ணாச் சேந்து ஓரத்துல விழுந்துச்சுன்னா கவலயில்ல, துப்பாக்கியத் திருத்திக்கலாம். எம்16-ல மேல கீழன்னா முன்னால இருக்குற குறிமுள்ளச் சுத்தித் திருத்தணும். அதுக்குன்னு தனிச் சாமான் வேணாம், தோட்டா மொனையாலயே அமுக்கித் திருப்புவாங்க. ஆனா மூணும் மூணு ஊர்ல விழுந்துச்சுன்னா திருத்த வேண்டியது துப்பாக்கிய இல்ல. அப்ப நீ என்ன சொல்லுவன்னு எனக்கு இப்பவே தெரியும். "மழ தாத்தா!" ம்பே. டேய், விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல பறக்குற சாமான மழத்துளி என்னடா பண்ணும்? காத்து தள்ளும், அதுவும் தூரத்துலதான். 25 மீட்டர்ல காத்தச் சொன்னாலும் நம்ப மாட்டேன். மழ கெடுக்குறது ஒன்னத்தான். முதுகுல ஒரு சொட்டு வழிஞ்சதும் நெளிவ பாரு, அங்க போச்சு குண்டு.

ஒண்ணு மட்டும் உண்ம: அட்ட நனைஞ்சு ஊறிரும். பழைய ஓட்டைய மூட ஒட்டுற காகிதம் ஒட்டவே ஒட்டாது. அதனால ஒனக்கு முந்தி சுட்டவன் போட்ட நல்ல ஓட்டைய ஒன் கணக்குல எழுதிக்கலாமேன்னு தோணும். தோணட்டும். எழுதாத.

விசைய அமுக்குறதுதான் பெரிய வித்த. மரத்துல பட்டைய வெட்டுறப்ப கத்தி ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலாப் போனா பால் வராது. கையும் மணிக்கட்டும் ஒரே சீரா வந்து முடியணும், முடியிற எடம் வெட்டுறவனுக்கே தெரியக் கூடாது. விசையும் அப்படித்தான். மூச்ச விட்டு, பாதியில நிறுத்தி, வெடிக்கப் போகுதுன்னு நெனைக்காம விரல மட்டும் பின்னால கொண்டு வரணும். வெடிச்சதும் தலையத் தூக்கிப் பாக்கக் கூடாது. நீ தூக்குவ. பரீட்ச எழுதிட்டு ரிசல்ட்டு வர்றதுக்குள்ளயே வாத்தியாரு வீட்டுக்குப் போன பயல்ல நீ.

வெடிச் சத்தத்துக்கு முந்தியே தோளச் சுருக்குறது எல்லாருக்கும் வர்ற வியாதி. அதக் கண்டுபுடிக்க ஒரு குசும்பு வச்சிருக்காங்க. நெசத் தோட்டாவுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு வெறுந் தோட்டாவச் சொருகிக் குடுத்துருவாங்க, எது எதுன்னு ஒனக்குத் தெரியாது. நீ வீரமா அமுக்குவ. "டிக்"குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். குண்டும் இல்ல, ஒதையும் இல்ல. ஆனா குழாயோட வாய் மட்டும் மண்ணப் பாத்துக் குனியும். வரிசையில நிக்குற எல்லாரும் பாத்திருப்பாங்க. சிரிக்கவும் செய்வாங்க. நீயும் சேந்து சிரிச்சிரு, அதுதான் மருவாத.

ஆம்பளைங்க சமாச்சாரம்னு நெனச்சுக்கிட்டுப் போறியோ என்னவோ. 1943 அக்டோபர் 22-ல சிங்கப்பூர்ல, இந்தியாவோட விடுதலைக்குன்னு பொம்பளைங்க சேந்த ஜான்சி ராணிப் படையோட முகாமத் தொறந்தப்ப, கேப்டன் லட்சுமிக்குக் கீழ துப்பாக்கி புடிச்சதுல நெறையப் பேரு நம்ம மலாயாத் தோட்டத்துப் பொண்ணுங்க. இந்தியாவக் கண்ணால பாக்காதவங்க, பால் வாளி தூக்குன கையி. 1945-ல ரங்கூன விட்டுத் திரும்புறப்ப, ஆகாயத்துலேர்ந்து குண்டு போடுவாங்கன்னு ராத்திரி ராத்திரியா நடந்தே வந்தாங்க. நீ மோட்டர் சீட்டு நனைஞ்சிருச்சுன்னு வேலைக்கு லீவு போட்டவன்.

அது பழங்கதன்னா புதுசு ஒண்ணு கேளு. நம்ம நாட்டு நூர் சூர்யானி தைபி, 2012 லண்டன் ஒலிம்பிக்குல பத்து மீட்டர் காத்துத் துப்பாக்கி சுட்டப்ப எட்டு மாசப் புள்ளத்தாச்சி. அந்தப் போட்டியில நடுப்புள்ளி அர மில்லிமீட்டர். வயித்துக்குள்ள புள்ள ஒதைக்குது, வெளிய ஒலகமே பாக்குது, அந்தப் பொம்பள அசையாம நின்னு சுட்டு முப்பத்து நாலாவதா வந்துச்சு. நீ உள்ள ஒண்ணும் இல்லாமயே ஆடுற. காலையில தின்ன நாசி லெமாக்கு ஒதைக்குதுன்னு மட்டும் வந்து சொல்லாத.

அமெரிக்காவுல ஆப்பிள்சீட்னு ஒரு கூட்டம் 2006-லேர்ந்து சனி ஞாயிறுல இப்படித்தான் சொல்லிக் குடுக்குறாங்களாம். மழன்னாலும் நடக்கும். 25 கஜத்துல அட்டைய வச்சு, நாப்பது தோட்டா, 250 மார்க்கு. 210 எடுத்தா ஒரு பேட்ஜு. சாப்பாட்டு நேரத்துல 1775 ஏப்ரல் 19-ல அவங்க பாட்டன் முப்பாட்டன் இங்கிலீஷ்காரன எதுத்துச் சுட்ட கதையச் சொல்லுவாங்களாம். அங்க துப்பாக்கி கடையில கெடைக்குது, அதனால வீட்டுல வச்சிருக்குறவனுக்கு ஒழுங்கு சொல்லிக் குடுக்கணும். இங்க நம்ம கதையே வேற. 1960-ல ஆயுதச் சட்டம், 1971-ல தண்டனைய ஏத்தி இன்னொரு சட்டம். லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா பதினாலு வருஷம் வரைக்கும் உள்ள, அதோட ஆறு பெரம்படிக்குக் கொறையாது. அதனாலதான் நம்மூர்ல சுடுறதவிட எண்ணுறதுக்கு மதிப்பு.

எங்கப்பாரு, ஒன் பூட்டன், கம்யூனிஸ்டுங்களோட சண்ட நடந்த அவசர காலத்துல தோட்டக் காவலுக்குப் போனவரு. 1948 ஜூன்ல ஆரம்பிச்ச அவசர காலம் 1960 ஜூலை 31 வரைக்கும் இழுத்துச்சு. நம்ம மலாக்காவுல ஒரு பகுதியத்தான் 1953 செப்டம்பர் 3-ல நாட்டுலயே மொதல் 'வெள்ளைப் பகுதி'ன்னு அறிவிச்சு ஊரடங்கையும் அரிசிக் கட்டுப்பாட்டையும் எடுத்தாங்க. அதுக்கு முந்தி ராத்திரிக் காவல். மழன்னா அவரு தலையில சாக்கு. துப்பாக்கிக்கு நல்ல ரப்பர் ஷீட்டு. "ஏம்ப்பா, ஷீட்ட நீங்க போத்திக்கக் கூடாதா"ன்னு கேட்டேன். "எனக்குச் சளி புடிச்சா ஒங்கம்மா பாத்துக்குவா, இதுக்குத் துரு புடிச்சா தொரைக்கு நாந்தான் பதில் சொல்லணும்"னாரு. சாயந்தரம் எண்ணிக் குடுத்த தோட்டாவ விடிஞ்சதும் எண்ணித் திருப்பிக் குடுப்பாரு. அத்தன வருஷத்துல ஒண்ணுகூடக் கொறஞ்சதில்ல. அதாவது, அவரு ஒரு தடவகூட சுடல. காவல்காரன்னு ஊரே மருவாத குடுத்துச்சு.

நீ சுடுவ. அதனால ஒனக்கு வேல கூட. சுட்டு முடிச்சதும் கெலொங்சோங்குங்குற வெறும் தோட்டாக் கூட்ட ஒண்ணு விடாமப் பொறுக்கிக் குடுக்கணும். மழையில அது துள்ளிப் போயி சேத்துக்குள்ள பொதஞ்சிரும். ஒண்ணு கொறஞ்சாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஞாயித்துக்கெழம சாயந்தரம் அத்தன சிங்கங்களும் முட்டி போட்டு, விரலால சேத்தக் கெளறிக்கிட்டு இருக்குறத நான் இப்பவே பாக்குறேன். அப்புறம் சட்டப் பை, சிலுவார், சப்பாத்துன்னு எல்லாத்தையும் தட்டிப் பாத்து, "எங்கிட்ட தோட்டாவும் இல்ல, கூடும் இல்ல"ன்னு சத்தமாச் சொல்லணும். ஞாபகத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்னு பாக்கெட்டுல போட்டுக்காத. ஒன் மாமன்கிட்ட ஒண்ணு இருக்குன்னு பீத்திக்குவான்ல, அது சாவிக் கொத்துல மாட்டுற சாமான், மலாக்கா ராயாவுல கடையில வித்தது. நானே பக்கத்துல இருந்தேன்.

வர்றப்ப உம்பாய் மீன் மெடான்ல எறங்கு. திருக்கை ஒண்ணு, சம்பால் தடவி வாழ எலையில சுடச் சொல்லு. எட போடுறப்பத் தட்டையும் சேத்துப் போடுறானான்னு பாத்துக்க. ரெண்டு நாள் குறி பாத்த கண்ணுதான, அங்க ஒதவட்டும். காசு ஒன் அலவன்ஸ்ல. உறைப்பக் கொறைக்கச் சொல்லு, எனக்கு வயித்துக்கு ஆகாது.