அப்பளப் பாக்கெட்டில் மாமியார்

ஃப்ரீலான்ஸ் ஓவியருக்குப் பெண் கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: குடும்பத்தில் அத்தனை பேர் முகமும் ஒருநாள் மளிகைக் கடைக்கு வந்துவிடும். மாடல் வைத்து வரைய யார் காசு கொடுக்கிறார்கள்? அப்பளப் பாக்கெட்டில் கைகூப்பிச் சிரிப்பது அவர் மாமியார். மசாலாப் பொடி அட்டையில் குழம்பு ஊற்றும் கை மனைவியுடையது. வளையல் மட்டும் முதலாளி கேட்டதற்காகத் தங்கமாகிவிட்டது.

ஓவியர் கோபுலு பத்திரிகையை விட்டு வந்து சொந்தமாக விளம்பர நிறுவனம் நடத்தினார், கொண்டையராஜு கோவில்பட்டியில் உட்கார்ந்து வரைந்த சாமிகள் வீட்டுக்கு வீடு காலண்டரில் தொங்கின. இந்த இரண்டையும் சொல்லித்தான் நம்மவரும் மாதச் சம்பளத்துக்குக் கும்பிடு போட்டார்.

அவருக்கென்று தனிப் பஞ்சாங்கம் உண்டு. சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்றே வெளியாகிவிடும் என்பதால், தைப்பொங்கல் பானையைச் சித்திரை வெயிலில் பொங்க வைப்பார். நிஜப் பொங்கலன்று கோடை விடுமுறை விளம்பரத்துக்கு மாம்பழம் வரைந்துகொண்டிருப்பார்.

"சின்ன வேலைதான் சார், அரை மணி நேரத்துல முடிச்சிருவீங்க" என்று ஆரம்பிக்கும் வேலை மூன்று வாரம் இழுக்கும். "அம்மா முகத்துல பாசம் பத்தலை" என்பார் முதலாளி. பாசத்தைக் கூட்டினால், "இப்ப வயசு கூடிருச்சே" என்பார் முதலாளியின் மச்சான். கடைசி வார்த்தை எப்போதும் மச்சானுடையது. லோகோ கேட்டால் வாட்ஸ்அப்பில் தபால்தலை சைஸில் ஒன்று வரும். அதை இருபதடி ஃப்ளெக்ஸுக்கு இழுக்க வேண்டும். திரையில் கிளிப்பச்சையாக இருந்த புடவை அச்சில் பாசிப்பச்சையாக வந்தால், நான்கு மைகளின் குணத்தை விளக்கியும் பயனில்லை, பழி ஓவியருக்குத்தான்.

பில் கதை வேறு. கம்பெனி கணக்கில் ஏற்றியதுமே 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிவிடும். மீதி 90 எங்கே என்று கேட்டால், "அக்கவுண்ட்ஸ்ல சார் லீவு." சம்பாதித்த பணத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே வரி கட்டிவிடும் உத்தமக் குடிமகன் அவர்.

மாமனார் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். "மாப்பிள்ளை, இன்னும் எங்கேயும் சேரலையா?" என்று வாரம் தவறாமல் கேட்பார். அப்போது அவர் முகத்தில் ஒரு வேதனை படரும் பாருங்கள், அதை எந்த மாடலிடமும் வாங்க முடியாது. மூல வியாதிக் களிம்புக்கு 'முன்', 'பின்' என்று இரண்டு முகம் கேட்டு ஒரு கம்பெனி வந்தபோது, ஓவியர் யோசிக்கவே இல்லை. 'முன்' அந்தக் கேள்வி கேட்கும் மாமனார். 'பின்' பென்ஷன் ஏறிய மாமனார்.

போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்கப் போனவரிடம் மருந்துக்கடைப் பையன் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறான்: "ஐயா, இப்ப உட்கார முடியுதுங்களா?"