தரையறிந்து சல்வார் போடு

கணவருக்கு லூதியானாவுக்கு மாற்றல் வந்ததும், ஸ்வெட்டர் எங்கே மலிவு, ரஜாய் எத்தனை வேண்டும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கால்சட்டையின் அகலத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. பஞ்சாபில் ஒரு பெண்ணின் மானம் மரியாதை எல்லாம் அதில்தான் இருக்கிறது.

அந்த ஊர்க் கடைவீதியான குமார் மண்டிப் பக்கம் சூட் எடுக்கப் போனால், கடைக்காரர் வெள்ளை விரிப்பின்மேல் துணிகளை உதறி உதறிப் போடுவார். துணிக்குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வரும்: "பாட்டம் என்ன தைக்கப் போறீங்க? பட்டியாலாவா, ஷராராவா, பலாஸோவா?" கல்யாணத்துக்குப் போட என்றேன். கூட வந்த எதிர்வீட்டு ஆண்ட்டிஜி குறுக்கே புகுந்தார். "என்ன விசேஷம்னு அப்புறம் பார்க்கலாம் பேட்டா. அங்கே தரை எப்படி? அதைச் சொல்லு."

அகலக் கால் உடைகளின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒற்றைக் கேள்வியில் அடக்கம்.

முதலில் பட்டியாலா. பெயரைத் தந்த ஊரும் பஞ்சாபில்தான் இருக்கிறது. இடுப்பில் அகலமாக ஒரு பட்டி, அதிலிருந்து கொசுவம் கொசுவமாக இறங்கும் துணி. சாதாரண சல்வாருக்கு 2.5 மீட்டர் என்றால் இதற்கு 4 மீட்டராவது வேண்டும். இத்தனையையும் தாங்குவது ஒரே ஒரு நாடா. துவைக்கும்போது அதன் நுனி உள்ளே போய்விட்டால், ஊக்கில் கோத்து மறுமுனைக்குத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் ஒரு சீரியல் முடிந்துவிடும். ஆனால் கணுக்காலில்தான் தையல்காரரின் மூளை தெரிகிறது. உள்ளே பக்ரம் வைத்து, வரிவரியாகத் தைத்து, விறைப்பாக ஒரு குறுகிய பட்டி. நடுவில் எவ்வளவு பொங்கினாலும் துணி தரையைத் தொடாது. 2005இல் 'பண்ட்டி அவுர் பப்ளி' படத்தில் ராணி முகர்ஜி குட்டைக் குர்த்தியோடு இதைப் போட்டுக்கொண்டு துள்ளினார். அந்த வேகத்தில் சல்வார் நம்மூர்க் கல்லூரி வாசல்வரை வந்து சேர்ந்தது.

குருத்வாராவுக்கு இதை அடிக்க ஆளில்லை. லங்கர் என்கிற பொதுப் பந்தியில் தரையில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். "பர்ஷாதாஜி!" என்று ரொட்டி வரும்போது இரண்டு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். தலையில் துப்பட்டா நழுவும். பிடிக்க மூன்றாவது கை கிடையாது. இந்த நேரத்தில் ஷராராவில் வந்த ஒரு புது மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தால் போச்சு. அவளுடைய இடது கால் என் மடியில் விரிந்துகிடக்கும், வலது கால் பந்திக்கு நடுவே பரவியிருக்கும். பருப்பு வாளியோடு ஓடிவரும் சேவாதார் அதைத் தாண்டிக் குதிப்பதற்குள் நாங்கள் எல்லோருமே வாஹே குருவைக் கூப்பிட்டுவிடுவோம்.

ஷராரா இடுப்பிலிருந்தே விரிந்து இறங்குவது. அதன் அக்கா கராரா, லக்னோ நவாப் வீட்டுப் பெண். முழங்காலில் ஜரிகைப் பட்டி வைத்து ஒட்டுப்போட்டு, அங்கிருந்து குடைவிரிக்கும். இரண்டுமே ராஜகம்பீரம்தான், நிற்கும்வரை. இவற்றுக்கு ஏற்ற தரை மேரேஜ் பேலஸின் சிவப்புக் கம்பளம். சிக்கல் என்னவென்றால், கம்பளம் முடிகிற இடத்தில் புல்தரை தொடங்கும். கோல்கப்பா கடையைப் புல்தரையில்தான் போட்டிருப்பார்கள். டிசம்பர்ப் பனியில் திரி எண்ணெய் குடிப்பதுபோல ஷராரா ஈரத்தைக் குடித்து முழங்கால்வரை ஏற்றிவிடும். அதைவிடக் கொடியது மண்டபத்துக் கழிவறைத் தரை. இரண்டு கையிலும் இரண்டு கால்துணி, பல்லிடுக்கில் துப்பட்டா, தாழ்ப்பாளைப் போட முழங்கை. வெளியே வரும் ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் எவரெஸ்ட் ஏறி இறங்கிய களை இருக்கும்.

லோஹ்ரி பண்டிகை ஜனவரி 13ஆம் தேதி. நெருப்பு மூட்டி, வேர்க்கடலையும் எள்மிட்டாயும் போட்டுச் சுற்றிவர வேண்டும். அன்று ஜார்ஜெட் ஷராரா போடுகிறவர் தன்னையும் சேர்த்துப் போடத் தயாராக இருக்க வேண்டும். ஆண்ட்டிஜி கதர் பட்டியாலாவில் வந்து, பட்டு நூலில் பூவேலை செய்த புல்காரியைத் தோளில் போட்டுக்கொண்டு, கித்தா ஆட்டத்தில் குந்தி எழுந்து சுழன்றார். வயது அறுபதுக்கு மேல். நாங்களெல்லாம் கைதட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

பலாஸோ இத்தாலியில் 1960 வாக்கில் மாலை விருந்துகளுக்காகப் பிறந்தது. இங்கே ஆபீஸ் போகிறது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பின்னால் நகரும்வரை பிரச்சினை இல்லை. ஸ்கூட்டியில் போனால் ஜனவரிக் காற்று ஒரு காலில் நுழைந்து மறு காலில் வெளியேறும். ஆகவே உள்ளே தெர்மல். துக்க வீட்டு 'போக்' பிரார்த்தனைக்கு மட்டும் இந்த ஆராய்ச்சி வேண்டாம்: வெளிர் நிறத்தில் சாதாரண சல்வார், தலையில் வெள்ளைத் துப்பட்டா, அவ்வளவுதான்.

இவ்வளவு பாடத்தையும் கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார், ஒரு கல்யாணத்தில் அவரையும் பங்க்ராவுக்கு இழுத்து இடுப்பில் சாத்ராவைச் சுற்றிவிடும்வரை. தைக்காத துணி, கிட்டத்தட்ட நம் வேட்டி. மனிதர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. குனிந்தார், முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டினார், ஈரப் புல்லில் இறங்கி ஒரு குத்து குத்தினார். "பல்லே பல்லே!" என்று கூட்டம் அதிர்ந்தது.

மறுநாளே தையல்கடைக்குப் போய், மடித்துக் கட்டுகிற வசதியோடு ஒரு ஷராரா தைக்க முடியுமா என்று மாஸ்டர்ஜியிடம் கேட்டேன். டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யோசித்தார்.

"செய்துடலாம் பஹன்ஜி. விரிக்கக் கூலி தனி, மடிக்கக் கூலி தனி."