செந்தில் ரிப், செந்தில் எலாஸ்டிக்

"அந்த டீ கொண்டு வர்றவரு பேரென்னங்ணா?"

போன ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கேட்டவரை நான் மன்னிப்பதாக இல்லை. மன்னிக்கிற மனநிலை இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். ஆள் யாரென்று சொல்லி அவமானப்படுத்த விருப்பமில்லை. திருப்பூர் அங்கேரிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டன் மாஸ்டர் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ரோல்-பிளேயிங் ஆட்டம் நடத்துகிற ஜி.எம். (கேம் மாஸ்டர்) நாற்காலியில் உட்கார்ந்து பழகிய உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ராத்திரி கண் விழித்து ஊர் நிறைய என்.பி.சி.க்களை, அதாவது ஆட்டக்காரர்கள் எடுக்காத மற்ற பாத்திரங்களை, செய்து வைத்திருப்பீர்கள். ஆளுக்கொரு ஆசை, ஆளுக்கொரு பயம், ஒருவருக்குக் காதோரம் தழும்பு. ஆட்டக்காரர்கள் ஊருக்குள் நுழைவார்கள். தழும்பைப் பார்ப்பார்கள், "ஓஹோ" என்பார்கள், தாண்டிப் போவார்கள். காட்சியில் கொஞ்சம் ஆவி பறக்கட்டுமே என்று ஒரே ஒரு வாக்கியத்தில் நீங்கள் உள்ளே விட்ட டீக்காரரைப் போய்ப் பிடித்துக்கொள்வார்கள். பேர் கேட்பார்கள். பேர் சொல்லிவிட்டால் ஊர் கேட்பார்கள். அப்புறம் எத்தனை குழந்தைகள், பெரியவன் என்ன படிக்கிறான், நீட் எழுதினானா.

கதையை முன்கூட்டி எழுதி வைக்கக் கூடாது என்கிற கட்சிதான் நானும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மெர்ச்சன்டைசர் வேலை பார்க்கிறவன் எவனுக்கும் சந்தேகம் இருக்காது. பையர் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர் கேட்பார்: இன்ன தேதி நூல், இன்ன தேதி நிட்டிங், இன்ன தேதி சாயம், இன்ன தேதி கன்டெய்னர் தூத்துக்குடி. நாமும் தட்டிக் கொடுப்போம். அந்தக் காலண்டர்படி நடந்த ஆர்டரை எனக்கு யாராவது காட்டினால் அவர் காலில் விழத் தயார். கடைசியில் சரக்கு தூத்துக்குடி பக்கமே போகாமல், நம் செலவில் விமானமேறிப் போகும். கதையை அத்தியாயம் அத்தியாயமாக எழுதி வைத்து ஆட்டம் நடத்துங்கள் என்று சொல்கிறவர்கள் வாழ்க்கையில் ஒரு ஷிப்மென்ட்கூட அனுப்பாதவர்கள்.

ஆக, கதை வேண்டாம், ஆட்கள் போதும். அந்த ஆட்களைத் தயார் செய்ய மூன்றே மூன்று விஷயம் தெரிந்தால் போதும். மூன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் விஷயத்துக்கு முன்னால் ஊர். பெட்டியில் அச்சடித்து வருகிற டிராகன் கதைகளை எங்கள் ஆட்களிடம் ஓட்ட முடியாது. டிராகன் காவல் காக்கிற தங்கக் குவியலைக் காட்டினால், "இதை வெச்சு எவ்வளவு லோன் தருவாங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் எங்கள் ஆட்டம் 2011 திருப்பூரில் நடக்கிறது. அந்த ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக்கூடாது என்ற நிபந்தனையைப் பட்டறைகள் நிறைவேற்றவில்லை என்பது வழக்கு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது ஊரறிந்த விஷயம். ஒரு பக்கம் வயலை இழந்த விவசாயி. இன்னொரு பக்கம் கடன் வாங்கிப் பட்டறை போட்டவர். நடுவில் சாயம் போடாத வெள்ளைத் துணியைக் கட்டி லூதியானாவுக்கு லாரி ஏற்றுகிற ஏற்றுமதியாளர். எல்லார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. யார் கையிலும் காசு இல்லை. இப்படி ஒரு ஊர் கிடைத்தால் டிராகன் எதற்கு?

முதல் விஷயம்: சனிக்கிழமைக்குள் இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? வாழ்நாள் லட்சியம், பிறவிப் பகை எல்லாம் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டாக வேண்டும். அது முதலாளியோ, காண்ட்ராக்டரோ, பிசிறு வெட்டுகிற அக்காவோ, எல்லாருடைய மூளையும் வியாழக்கிழமையிலிருந்து அந்தச் சனிக்கிழமையைச் சுற்றித்தான் ஓடும். இதை ஒரு வரி எழுதிவிட்டால் ஆள் தானாக நடப்பார்.

இரண்டாவது விஷயம் பெயர். 2010-இல் வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் போட்ட 'அபொகாலிப்ஸ் வேர்ல்ட்' என்கிற ஆட்டம், எதிர்ப்படுகிற ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் வைக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். தெருவில் ஆளே இருக்காது. சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் திருப்பூர் பி.என். ரோட்டில் நின்று பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

நான் பெயர்களை எங்கிருந்து எடுக்கிறேன் என்றால், என் போனிலிருந்து. திருப்பூரில் தொழில் செய்கிற யாருடைய போனையும் திறந்து பாருங்கள். அதைவிடச் சிறந்த என்.பி.சி. தொகுப்பு உலகத்தில் அச்சாகவில்லை. என் போனில் 'செந்தில்' என்று தட்டினால் திரை கீழே போய்க்கொண்டே இருக்கும்.

செந்தில் ரிப். கழுத்துப் பட்டிக்குத் துணி தருகிறவர். "வண்டி கெளம்பிருச்சுங்" என்பார். வண்டி கிளம்பியிருக்காது. துணியே மிஷினில் இருக்கும். சமயத்தில் நூலே வந்திருக்காது. ஆனால் அந்தக் குரலில் இருக்கிற நிம்மதி இருக்கிறதே, அதைக் கேட்டால் நமக்கே வண்டி கண்ணில் தெரியும்.

செந்தில் எலாஸ்டிக். உண்மை மட்டுமே பேசுகிறவர். "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இப்படிப்பட்டவர்களை நம்பி இந்த ஊரில் எந்த ஆர்டரையும் முடிக்க முடியாது. எல்லாரும் அவரை மதிக்கிறார்கள், யாரும் கூப்பிடுவதில்லை.

செந்தில் காம்பாக்டிங். எல்லார் துணியும் இவர் மிஷின் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், யாருக்கு ஆர்டர் வந்திருக்கிறது, யார் அடுத்த மாதம் மூடப் போகிறார் என்பது முதலில் தெரிவது இவருக்கு. கேட்டால் எதுவும் தெரியாது என்பார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்காமல் இருந்தால் எல்லாம் சொல்வார்.

செந்தில் பாலிபேக். வீட்டில் எப்போதும் ஒரு விசேஷம். காதுகுத்து, சீர், புதுமனை. பாக்கியை நினைவுபடுத்தப் பத்திரிகை வைக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

செந்தில் டெம்போ. எப்போது கூப்பிட்டாலும் பெருமாநல்லூர் தாண்டிவிட்டார். இந்தப் பக்கம் தாண்டினாரா, அந்தப் பக்கமா என்று கேட்டால் சிக்னல் போய்விடும்.

செந்தில் பவர் டேபிள் பழசு, செந்தில் பவர் டேபிள் புதுசு. பழசோடு சண்டை போட்டுக்கொண்டுதான் புதுசைப் பிடித்தேன். புதுசு, பழசின் மச்சான் என்பது அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிந்தது. இப்போது என் துணி புதுசிடம் போய், ராத்திரியோடு ராத்திரியாகப் பழசிடம் தைக்கப்பட்டு, புதுசின் பில்லில் திரும்பி வருகிறது. இப்படி ஒரு சூழ்ச்சியை நான் ஆட்டத்துக்காக எழுதியிருந்தால் "ஓவரா இருக்குங்ணா" என்று சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக, செந்தில் எடுக்காதே. இவர் யார், என்ன தொழில், எதற்காக எடுக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வப்போது கூப்பிடுகிறார். நான் எடுப்பதில்லை. என் ஆட்டத்தில் வந்த அத்தனை வில்லன்களிலும் எனக்கே பயம் தருகிறவர் இவர் ஒருவர்தான். இவருக்காக ஒரு வரிகூட எழுதியதில்லை.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே, எதிரே வருகிறவரின் மனநிலையை இரண்டு பகடை உருட்டித் தீர்மானிக்க வழி உண்டு. குறைந்தால் விரோதம், கூடினால் நட்பு. கொங்கு நாட்டில் அது உதவாது. இங்கே இரண்டு விழுந்தாலும் பன்னிரண்டு விழுந்தாலும் முதல் வார்த்தை "வாங்க, ஒக்காருங்க". அரிவாளை எடுக்கிறவரும் 'ங்க' போட்டுத்தான் எடுப்பார். விரோதியா நண்பரா என்பது செக் திரும்பி வந்த பிறகே தெரியும்.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் சின்னப் பாத்திரங்களின் அடாவடி பற்றி ஒன்று. இது புதிய வியாதி இல்லை. காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965-இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் உடுக்கைப் பாட்டுக்காரர்களிடம் அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவு செய்தார். பொன்னர், சங்கர் என்று இரண்டு மாவீரர்கள். கொம்பன் என்று மலைபோல ஒரு காட்டுப்பன்றி. வேட்டைக்குப் படையே கிளம்புகிறது. பொன்னாச்சி என்று அரண்மனையில் ஒரு பொடி நாய். அதை யாரும் கூப்பிடவில்லை. அது கோபித்துக்கொண்டு சாபம் விட, வேட்டைக்குப் போன ஆட்கள் நோயில் விழுகிறார்கள். அப்புறம் அந்த நாயைச் சமாதானப்படுத்திக் கூட்டிவந்த பிறகுதான் பன்றி வீழ்கிறது. பாட்டுக்காரர் எத்தனை இரவு தொண்டை கிழியப் பாடினாலும், கேட்டுக்கொண்டிருந்த குழந்தை வீட்டுக்குப் போய்ப் பேசுவது அந்த நாயைப் பற்றித்தான் இருக்கும். அந்தப் பாட்டுக்காரர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது.

என் டீக்காரர் விஷயமும் அப்படித்தான் போயிற்று. பேர் கேட்டார்களா, வாயில் வந்தது 'செந்தில்'. சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "நீங்க எந்தெந்தக் கம்பெனிக்கு டீ ஊத்தறீங்க?" என்று கேட்டார்கள். அதை எதிர்பார்க்கவில்லை. பேக்கரியிலிருந்து கேனைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் எல்லாக் கம்பெனிக்கும் போகிறவர் அவர். எந்தக் கம்பெனியில் எத்தனை டீ என்பது அவருக்கு மனப்பாடம். நேற்று நாற்பது, இன்றைக்குப் பன்னிரண்டு என்றால் அங்கே துணி இல்லை. மூடியதாகச் சொல்லப்படுகிற பட்டறையில் ராத்திரி எட்டு டீ போகிறதென்றால், அங்கே திருட்டுத்தனமாகச் சாயம் ஓடுகிறது. கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் ஊரின் அத்தனை ரகசியத்தையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அதில் பாதி ரகசியம் எனக்கே அப்போதுதான் தெரியும். கம்பெனி லீவென்று கட்டிங் டேபிளைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கூட்டம், ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. போகும்போது, "இன்னிக்கு நல்லாத் தயார் பண்ணியிருந்தீங்ணா" என்று வேறு.

நான் தயார் பண்ணியது வட்டிக்காரரை. தனியாக அவருக்கு ஒரு நோட்டே போட்டேன். பாதி ஊரின் பட்டறைப் பத்திரங்கள் அவர் பீரோவில். கோர்ட் உத்தரவு வந்த அன்று சிரித்த ஒரே ஆள். வெற்றிலை போட மாட்டார், கத்த மாட்டார், கடன்காரர் வீட்டு நாய்க்குப் பிஸ்கட் வாங்கிப் போவார். மூத்த மகள் ஒரத்துப்பாளையம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, மாமனார் வீட்டு வயல் வீணாகி, அப்பாவோடு பேசுவதில்லை. அவர் வீட்டுக் கதவை இதுவரை ஒருவரும் தட்டவில்லை. இனிமேலும் தட்ட மாட்டார்கள். அவர்களுக்கு இப்போது டீக்காரரின் பையனுக்குக் காலேஜ் சீட் வாங்கும் வேலை இருக்கிறது. மூன்றாவது விஷயத்தைச் சொல்ல வந்த என்னையும் அந்த டீக்காரர்தான் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே உங்களில் யாருக்காவது ஆள் தேவைப்பட்டால், அந்த வட்டிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதித் தரம், பிரிக்காத பேக்கிங், காதர்பேட்டைச் சந்தை விலை. மகளையும் சேர்த்தே தருகிறேன். செந்தில்களை மட்டும் கேட்காதீர்கள், அவர்கள் எனக்கு வேலைக்கு வேண்டும்.