கேளுங்க... கொட்டாவி விடாம!

தூங்கினாலே முகம் பளபளக்கும், ஃபேஷியல் எதுக்கு என்கிறாரே என் கணவர்?
– வாசகி, கோவில்பட்டி

பர்ஸைக் காப்பாற்றத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அறிவியலும் அவர் கட்சி! ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 23 பேரை மேக்கப் இல்லாமல் இரண்டு தடவை படம் பிடித்தார்கள். எட்டு மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு ஒன்று. 31 மணி நேரம் கண்விழித்த பிறகு இன்னொன்று. விவரம் சொல்லாமல் 65 பேரிடம் காட்டினால், தூங்காத முகத்துக்கு அழகிலும் ஆரோக்கியத்திலும் மார்க் குறைவு. 2010-ல் வெளியான ஆய்வு. வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதை மட்டும் கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

கண்ணுக்குக் கீழே கருவளையம். தூக்கம் போதாததாலா?
– வாசகர், திருப்பூர்

உங்கள் அப்பாவின் பழைய போட்டோவைப் பாருங்கள். அவருக்கும் இருந்தால், அது பூர்வீகச் சொத்து. உயில் இல்லாமலே வந்துவிட்டது! உடம்பிலேயே மெல்லிய தோல் கண்ணைச் சுற்றித்தான். அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள் நிழலடிக்கும். தூக்கம் கெட்டு முகம் வெளிறினால் இன்னும் எடுப்பாகத் தெரியும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நன்றாகத் தூங்கியும் காலையில் முகம் வீங்குகிறதே?
– வாசகி, தஞ்சாவூர்

ராத்திரி தொட்டுக்கொண்டது ஊறுகாயா, கருவாடா? உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். படுத்தால் அது முகத்தில் தேங்கும். எழுந்து நடமாடினால் வடிந்துவிடும். மத்தியானமும் வடியாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

ஆபீஸில் குட்டித் தூக்கம் போட்டால் முகப்பொலிவு கூடுமா?
– வாசகர், சென்னை

உங்களுக்குக் கூடுமா, தெரியாது. மேனேஜர் முகம் நன்றாகச் சிவக்கும்!