வாலையும் சேர்த்து எண்ணுங்கள்

கேள்வி: தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குப் போகிறோம். நாய் லயத்திலேயே பிறந்து வளர்ந்தது. அங்கேயே விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளாதா?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: பிழைக்காதம்மா. அது வேட்டையாடி வளர்ந்த நாய் இல்லை, உங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய். ஆட்கள் போனால் சோறும் போய்விடும். பசியோடு செம்பனைக்குள் நுழைந்தால் எலிக்கு வைத்த மருந்துக் கட்டி கிடக்கும், எலியைத் தேடி வந்த நாகமும் கிடக்கும். இரண்டுக்கும் தப்பினால் பெரிய சாலையில் லோரி காத்திருக்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, பூட்டிய வாசற்படியில் அது உங்களுக்காகப் படுத்துக் கிடப்பது. சட்டமும் கடுமையானது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, வளர்த்த பிராணியைக் கைவிட்டால் அபராதம் 20,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 வரை போகும். மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. கூடவே அழைத்துப் போங்கள்.

கேள்வி: அடுக்குமாடியில் நாய்க்கு இடம் உண்டா?
– வாசகர், ரவாங்

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கட்டட நிர்வாகத்திடமும் நகராண்மைக் கழகத்திடமும் கேட்டுவிடுங்கள். நாய் லைசன்ஸ் அந்தந்தக் கழகம் தருவது. கோலசிலாங்கூரில் எடுத்ததை ரவாங்கில் நீட்ட முடியாது. இடமே இல்லையென்றால் தோட்டத்தில் தங்கிவிடும் உறவினரிடம் ஒப்படையுங்கள். அதையும் கடைசி நாளில் கயிற்றைக் கையில் திணித்துவிட்டு ஓடாமல், முன்கூட்டியே சில வேளைச் சோற்றை அவர் கையால் போடச் செய்யுங்கள்.

கேள்வி: மனிதர்களுக்கே சொந்த வீடு குதிரைக்கொம்பாக இருக்கிறது. இதில் நாய், பூனைக்கு என்ன இவ்வளவு பேச்சு?
– வாசகர், புக்கிட் ரோத்தான்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் வட்டாரத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். மேரி, மின்யாக், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் கால் நூற்றாண்டாகச் சொந்த வீடு கேட்டு நின்றன. 2023இல்தான் சுங்கை திங்கித் தோட்டத்தில் அவர்களுக்கான தரைவீட்டுத் திட்டம் தொடங்கியது. தரைவீடு என்பது இங்கே முக்கியம். லயத்து மனிதருக்கு வீடென்றால் நான்கு சுவர் மட்டுமா? அடுப்படிக்குப் பின்னால் கோழிக்கூடு, வேலியோரம் முருங்கை, முனியாண்டி கோயிலடியில் தூங்கும் நாய், விடியலில் பால் கறக்கும் மாடு எல்லாம் சேர்ந்ததுதான் அவர் வீடு. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் அழித்துத் தாமான் கட்டினார்கள். அப்போதெல்லாம் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்கள் முதலில் விற்றது மாட்டைத்தான். அந்தத் துக்கத்தை இழப்பீட்டுக் கணக்கில் எழுத யாரும் கேட்கவில்லை. மனிதர்களுக்கு வீடு கேட்கும்போதே அவர்களோடு வாழும் உயிர்களுக்கும் இரண்டடி நிலம் கேட்க வேண்டும் என்கிறேன். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று குறைந்துவிடாது.

கேள்வி: பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனால் வழி மறந்து, பழைய வீட்டுக்குத் திரும்பாது என்கிறார் என் மாமியார். உண்மையா?
– வாசகி, தஞ்சோங் காராங்

பதில்: மாமியாரின் அக்கறை சரி, சாக்கு சரியில்லை. சாக்குக்குள் பூனைக்கு மறதி வராது, பயம்தான் வரும். நம் ஊர் வெயிலில் மூச்சும் முட்டும். காற்றோட்டமான மூடிக் கூடையில், அது படுத்த பழைய துணியைத் துவைக்காமல் விரித்து, காரில் உங்கள் அருகிலேயே வையுங்கள். லோரியின் பின்னால் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் வேண்டாம்.

புது வீட்டில் முதலில் ஒரே ஓர் அறை. அதற்குள் சோறு, தண்ணீர், மணல் தட்டு, பழைய துணி. முதல் நாள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும்; கையை விட்டு இழுக்காதீர்கள், பசித்தால் தானே வரும். ஒரு காரியம் செய்து பாருங்கள். மெல்லிய துணியால் பூனையின் கன்னத்தை நன்றாகத் தடவி, அதே துணியை அறையின் சுவர் மூலைகளிலும் கதவு ஓரத்திலும் பூனை உயரத்துக்குத் தேய்த்துவிடுங்கள். கன்னத்து வாசனையை வைத்துத்தான் பூனை ஓர் இடத்தைத் தன்னுடையது என்று எண்ணும். இரண்டு மூன்று வாரத்துக்கு வாசல் தாண்ட விடாதீர்கள். வேளை தவறாமல் சோறு வைத்தால், பழைய லயத்தை நினைக்க அதற்கு அவசியம் இருக்காது.

கேள்வி: கோழிகளை எப்போது ஏற்றுவது?
– வாசகர், ஜெராம்

பதில்: இருட்டிய பிறகு. கூட்டில் அடைந்த கோழி அலறாது, துரத்தவும் வேண்டாம். புதிய இடத்தில் சில நாள் கூட்டிலேயே அடைத்து வைத்துவிட்டுத் திறந்தால், பொழுது சாய்ந்ததும் அங்கேயே வந்தடையும்.

கேள்வி: தாத்தா காலத்துப் பழக்கமாகத் தியோங் மைனா வளர்க்கிறோம். கூண்டோடு கொண்டுபோகலாமா?
– வாசகர், காலும்பாங்

பதில்: லைசன்ஸ் இருந்தால் கொண்டுபோகலாம். தியோங் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். பயந்துபோய் அதைப் பறக்க விட்டுவிடாதீர்கள். கையில் பழம் தின்று வளர்ந்தது வெளியே பட்டினி கிடக்கும். அந்தத் துறையிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.

கேள்வி: புது வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். நாயால் மனத்தாங்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈஜோக்

பதில்: நாய் குரைப்பதற்கு முன் நீங்கள் போய்ப் பேசிவிடுங்கள். “மக்சிக், எங்களிடம் நாய் இருக்கிறது, கேட்டுக்கு வெளியே வராது” என்ற ஒரு சொல் போதும். பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். அவர்கள் வேலியை ஒட்டிக் கட்ட வேண்டாம், வாரில்லாமல் தெருவில் விட வேண்டாம், கழிவை உடனே அள்ளிவிடுங்கள். தோட்டத்தில் கம்போங் வீட்டாரோடு இப்படித்தானே காலங்காலமாகப் பழகினோம்!

கேள்வி: புது வீட்டில் பால் காய்ச்சும் நாளில் நாய், பூனையை என்ன செய்வது?
– வாசகி, கோலசிலாங்கூர்

பதில்: வாசல் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும், ஓமப்புகை, ஊர்க்கூட்டம், ஒலிபெருக்கி. பூனை காணாமல் போக இதைவிடத் தோதான நாள் கிடையாது. நாயோ பூனையோ, விடியற்காலையிலேயே பின்னறையில் தண்ணீரோடு விட்டுத் தாழிடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிவிடுங்கள். அறைக் கதவில் பெரிய எழுத்தில் “திறக்காதீர்கள், பூனை இருக்கிறது” என்று ஒட்டுங்கள். மலாயிலும் எழுதுங்கள், விருந்தாளிகளில் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கும் இருப்பார் அல்லவா?